ரேஸ் ட்ராக்கில் ஒரு வார இறுதி: மும்பைத் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ராத்திரி ஃபேன்கோடில் ஃபார்முலா ஒன் பார்த்துவிட்டு, திங்கள் காலை செம்பூரில் ஹார்பர் லைன் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எந்தச் சுற்றில் டயர் மாற்றுவார்கள், யார் யாரை எங்கே முந்துவார்கள் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் ஒரு ரேஸ் காரின் சத்தத்தை நேரில் கேட்டதில்லை. "அதுக்கெல்லாம் சிங்கப்பூர் போகணும், லட்சக்கணக்குல ஆகும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. குர்லா டெர்மினஸில் ரயில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய இரண்டு நல்ல ட்ராக்குகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஊருக்குப் போகும் பயணத்தோடு சேர்த்துக்கொண்டால் செலவும் கையைக் கடிக்காது. தேதி பார்ப்பதிலிருந்து திரும்பி வருவது வரை ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே போவோம்.

எங்கே போவது?

மும்பையில் கார்ட்டிங் உண்டு. வடாலாவில் அஜ்மீரா கார்ட்டிங் தடத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் மாட்டுங்காவிலும் சயானிலும் நிறைய இருப்பார்கள். ஆனால் தேசிய கார் பந்தயம் நடத்தும் அளவுக்கு இங்கே ட்ராக் கிடையாது. ஃபார்முலா 2 பந்தயங்களை வென்ற ஜெஹான் தாருவாலா இந்த ஊர்க்காரர்தான் என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நம் முதல் தேர்வு சென்னைக்கு வெளியே, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய ட்ராக் இது, 1990-இல் திறந்தார்கள். முழுச் சுற்று 3.717 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். இப்போது இதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். இது வருவதற்கு முன் அந்த கிளப் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியது அங்கேதான்.

இரண்டாவது, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்து, இந்திய இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கொடுத்த எஸ். கரிவர்தனின் பெயர் அதற்கு. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். ட்ராக் சின்னது, சுமார் இரண்டு கி.மீ. தான். பார்வையாளருக்கு அதுவே வசதி: கண்ணை விட்டு மறைந்த கார் ஒரு நிமிடத்துக்கெல்லாம் திரும்ப வந்துவிடும்.

மூன்றாவது, கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். 5.125 கி.மீ. நீளம். 2011 முதல் 2013 வரை இந்தியன் கிராண்ட் பிரீ நடந்த இடம். மூன்று ஆண்டும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். பெரிய பந்தயம் ஏதாவது அங்கே அறிவிக்கப்பட்டால் தனியாகத் திட்டம் போட்டுக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

பெரிய பந்தயத்துக்காகக் காத்திருக்கலாமா?

வேண்டாம். இந்தியாவுக்கு வந்த பெரிய பந்தயங்களின் கதையைப் பார்த்தாலே காரணம் புரியும். ஃபார்முலா ஒன் மூன்று ஆண்டுகளோடு நின்றது. ஃபார்முலா ஈ 2023 பிப்ரவரியில் ஹைதராபாத் ஹுசைன் சாகர் கரையில் ஒருமுறை நடந்தது. அடுத்த ஆண்டு வரவில்லை. அதே 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி வந்தது, மார்கோ பெஸ்ஸெக்கி ஜெயித்தார். மறு ஆண்டு அதுவும் ரத்து.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப்பந்தயம் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. முதல் நாள் மழையும் அனுமதிச் சான்றிதழ் தாமதமும் சேர்ந்து, மதியம் ஓட வேண்டிய கார்கள் இரவில்தான் ஓடின. அதற்காக டிக்கெட்டும் ரயிலும் போட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் தேதியை மாற்றியிருப்பார்கள்!

இதற்கு நேர்மாறானவை தேசியச் சாம்பியன்ஷிப் சுற்றுகள். விளம்பரம் குறைவு, கூட்டம் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் நடந்துகொண்டே இருக்கின்றன. கூட்டம் குறைவு என்பதால் நாம் கிட்டே போய் நிற்கலாம், நிதானமாகப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து உட்கார்ந்தாலும் இந்தச் சுதந்திரம் கிடைக்காது. முதல் முறை போகிறவர் பார்க்கப் பழகுவதற்கு இதுதான் சரியான இடம் என்பது என் திடமான கருத்து.

எப்போது?

தேசியப் பந்தயங்களின் சீசன் பெரும்பாலும் ஜூன் மாதத்துக்கு மேல் சூடுபிடித்து, நவம்பர் வாக்கில் முடியும். கார்களுக்குத் தனி, பைக்குகளுக்குத் தனி. இருங்காட்டுக்கோட்டையில் எம்ஆர்எஃப் ஆதரவில் நடப்பவை முக்கியம். கோவையில் ஜேகே டயர் பெயரில் நடப்பவை முக்கியம். இவற்றுக்கெல்லாம் மேலே இருக்கும் அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ., அதாவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு. அவர்களின் ஆண்டு அட்டவணைதான் நமக்குப் பஞ்சாங்கம்.

அட்டவணையில் தேதியைப் பார்த்ததும் டிக்கெட் போட்டுவிடக் கூடாது. தேதிகள் நகரும். அந்தச் சுற்றை நடத்தும் கிளப்போ ஸ்பான்சரோ தங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் உறுதி செய்யும் வரை ரத்து செய்யக்கூடிய ஏற்பாடுகளோடு நிறுத்திக்கொள்வோம்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்து மழையை. ஜூலை, ஆகஸ்டில் நம் பக்கம் கொட்டும். கர்ஜத்–லோனாவ்லா மலைப்பாதையில் மண் சரிந்தால் சென்னை வண்டியும் கோவை வண்டியும் சேர்ந்தே சிக்கிக்கொள்ளும். அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவமழை சென்னையைப் பிடித்துக்கொள்ளும். கோவை இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு செப்டம்பர்.

எப்படிப் போவது?

சென்னைக்கு சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் குர்லா டெர்மினஸிலிருந்தும் நேரடி வண்டிகள் உண்டு. பயணம் ஏறத்தாழ ஒரு முழு நாள். வியாழன் கிளம்பினால் வெள்ளியன்று சென்னை. செம்பூர்க்காரர்களுக்கு குர்லா டெர்மினஸ் பக்கம். தாராவி, மாட்டுங்காக்காரர்களுக்கும் டாக்ஸியில் அதிக தூரமில்லை.

கோவைக்கு குர்லா டெர்மினஸிலிருந்து தினமும் இரவு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. புணே, சோலாப்பூர், பெங்களூரு, சேலம் என்று சுற்றிக்கொண்டு முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புதன் இரவு ஏறினால் வெள்ளி காலை கோவை. ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. பந்தயத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஊரில் இருந்துவிட்டு வரலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் போகிற தாராவிக் குடும்பங்களும் போகும்போதோ வரும்போதோ கோவையில் ஒரு வார இறுதி இறங்கலாம்.

ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. அதனால் பந்தய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கைபேசியில் அலாரம் வைத்துவிடுவோம். போகும் டிக்கெட்டும் வரும் டிக்கெட்டும் வெவ்வேறு நாளில் திறக்கும். இதை மறந்து திரும்பும் டிக்கெட்டில் காத்திருப்போர் பட்டியலில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். தத்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்பே முடித்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓடிபி தேடிக்கொண்டிருந்தால் சீட்டு போய்விடும்.

திரும்பும் வண்டியை ஞாயிறுக்குப் போடாதீர்கள். கடைசிப் பந்தயம் முடிய மாலை ஆகிவிடும். ஒரு விபத்து, ஒரு மழை வந்தால் அதற்கும் மேல். திங்களன்று கிளம்பும்படி வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும். கோவை என்றால் அதற்கும் மேல். கிடைக்காது என்றால் விமானம்தான். மும்பையிலிருந்து இரண்டு ஊருக்கும் சுமார் இரண்டு மணி நேரம்.

எங்கே தங்குவது?

சென்னை என்றதும் எழும்பூரிலோ தி.நகரிலோ அறை எடுக்கத் தோன்றும். தேவையில்லை. அங்கிருந்து காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டினால், பயிற்சிச் சுற்று முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். ஸ்ரீபெரும்புதூரில் தங்குவது உத்தமம். ட்ராக் பத்து கி.மீ.க்குள் வந்துவிடும். பூந்தமல்லி அடுத்த தேர்வு. இரண்டுக்கும் காஞ்சிபுரம் போகும் பேருந்துகள் உண்டு.

ராமானுஜர் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கொரிய உணவகங்களும் இருக்கின்றன. ஹூண்டாய் தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால் வந்த மாற்றம் அது. ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து கிம்ச்சி சாப்பிடலாம். அறைகள் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வேலையாக வருபவர்களுக்கானவை. ஆடம்பரம் இராது, சுத்தமாக இருக்கும். வார நாளைவிட வார இறுதியில் சுலபமாகக் கிடைக்கும்.

கோவையில் உக்கடம், காந்திபுரம், ரயில் நிலையம் சுற்றி எங்கே தங்கினாலும் சரி. செட்டிபாளையம் நகரின் தென்புறத்தில் இருப்பதால் உக்கடம் பக்கம் கொஞ்சம் வசதி. காலையில் போக ஆட்டோவோ டாக்ஸியோ சுலபமாகக் கிடைக்கும். மாலையில் ட்ராக் வாசலில் நின்றுகொண்டு தேடினால் கிடைப்பது கஷ்டம். காலையில் வந்த ஓட்டுநரிடமே, "அண்ணா, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டா வருவீங்களாண்ணா?" என்று கேட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்வோம். வருவார்.

எவ்வளவு ஆகும்?

இருவராகப் போய், அறையைப் பகிர்ந்துகொண்டு, சென்னைக்கு ஸ்லீப்பரில் போய்வருவதாக வைத்து ஒரு ஆளுக்குக் கணக்குப் போடுவோம். போகவர ரயிலுக்குச் சுமார் ₹1,300. மூன்று இரவு அறை, நாளுக்கு ₹1,500 என்றால் நம் பங்கு ₹2,250. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ட்ராக்குக்கு இரண்டு நாள் ஆட்டோ, பகிர்ந்துகொண்டால் ₹500. சென்னைக்குள் பேருந்து, மெட்ரோ எல்லாம் சேர்த்து ₹200. நான்கு நாள் சாப்பாடு, காபி ₹1,800. கைச்செலவு ₹500. மொத்தம் ₹6,550, ₹7,000 கையில் இருந்தால் போதும்.

மூன்றடுக்கு ஏசி என்றால் இன்னும் ₹2,000 சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் என்றால் எப்போது டிக்கெட் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மொத்தம் ₹15,000-லிருந்து ₹18,000 வரை போகும். கோவைக்கு ரயில் கட்டணம் கொஞ்சம் கூடும், தங்கும் செலவு கொஞ்சம் குறையும். கடைசியில் கணக்கு ஒன்றுதான்.

நுழைவுக் கட்டணத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். தேசியச் சுற்றுகளில் அது பல நேரம் இருக்காது, இருந்தாலும் சின்னத் தொகை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடத்துபவர்களின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில சுற்றுகளுக்கு ஆன்லைனில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: 2011 இந்தியன் கிராண்ட் பிரீயில் மிகக் குறைந்த டிக்கெட்டே ₹2,500. அதிகபட்சம் ₹35,000.

எங்கே சிக்கனம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொப்பி, டி-ஷர்ட் வாங்குவதை ஒத்திப்போடலாம். நல்ல தூக்கத்துக்கு வேண்டிய அறையையும், ட்ராக்குக்கு நேரத்தோடு போக வேண்டிய ஆட்டோவையும் ஒத்திப்போட முடியாது.

பையில் என்ன?

முதலில் காதுக்கு அடைப்பான். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானே போதும். டிவியில் சத்தம் ஒரே அளவாக வருவதால் நமக்கு இது புரிவதில்லை. நேரில் மெயின் ஸ்ட்ரெயிட் ஓரம் நின்றால் இருபது பைக்குகள் ஒன்றாகக் கடந்து போகும்போது நெஞ்சுக்குள் அதிரும். குழந்தைகளை அழைத்துப் போனால் காதை மூடும் மஃப் கட்டாயம்.

பிறகு தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், சன்ஸ்கிரீன், மெல்லிய மழைக்கோட்டு. குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு போனால் கார்கள் நிற்கும் பேடக் பக்கம் விடாமல் போகலாம். ட்ராக்கில் சாப்பாட்டுக் கடைகள் குறைவாகத்தான் இருக்கும். ரயிலுக்கு வீட்டில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித்தரும் இட்லி, புளியோதரை பழக்கத்தை ட்ராக்குக்கும் நீட்டிக்கொள்வோம்: காலையில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டால் மதியக் கவலை விட்டது.

கைபேசிக்குப் பவர் பேங்க். அதில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதல்லவா, இந்தப் பயணத்தில் அதுதான் நம் முக்கியமான கருவி.

வெள்ளி, சனி, ஞாயிறு: என்ன நடக்கும்?

வெள்ளி பயிற்சி. சனிக்கிழமை தகுதிச்சுற்று, சில பிரிவுகளுக்கு முதல் பந்தயம். ஞாயிறு மீதிப் பந்தயங்களும் பரிசளிப்பும். ஃபார்முலா ஒன் மாதிரி ஒரே பெரிய பந்தயம் என்று இருக்காது. 15, 20 நிமிடப் பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கார் வார இறுதி என்றால் மாருதி ஸ்விஃப்ட் இன்ஜின் பொருத்திய எல்ஜிபி ஃபார்முலா 4, எம்ஆர்எஃப் எஃப் 2000, சலூன் கார்கள். பைக் வார இறுதி என்றால் 165 சிசியில் தொடங்கி மேலே போகும் பிரிவுகள், டிவிஎஸ் அபாச்சி, ஹோண்டா போன்ற ஒரே வகை பைக்குகளுக்கான கோப்பைகள். பிரிவுகளின் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். அன்றைய நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மதியத்துக்குள் பழகிவிடும்.

எல்லோரும் ஞாயிறுக்குத்தான் வருவார்கள். நாம் சனிக்கிழமையை விடக் கூடாது. தகுதிச்சுற்றில் ஒவ்வொருவரும் தனியாக, முழு வேகத்தில், ஒரே வளைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நீளமான நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் நில்லுங்கள். ஓரத்தில் 150, 100, 50 என்று தூரப் பலகைகள் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். புதியவர் முதல் பலகையிலேயே பிரேக் போடுவார். காரின் மூக்கு படக்கென்று தாழும், வால் லேசாக ஆடும், வளைவுக்குள் போனபின் ஸ்டியரிங்கை இரண்டு மூன்று தடவை திருத்துவார். கைதேர்ந்தவர் இன்னும் உள்ளே வந்து பிரேக் போடுவார், ஒரே திருப்பு, அப்புறம் கை அசையாது. வெளியேறும்போது காதைக் கொடுங்கள். யாருடைய இன்ஜின் சத்தம் முதலில் முழுசாக எழும்புகிறதோ அவர்தான் அடுத்த நேர்ப்பாதையில் வேகமானவர். நான்கைந்து சுற்று இப்படிப் பார்த்துவிட்டு, ஒரு கம்பத்தை அடையாளம் வைத்து ஸ்டாப்வாட்ச்சில் நேரம் எடுங்கள். நேரப்பட்டியல் வருவதற்கு முன்பே யார் முன்வரிசை என்று சொல்லிவிடலாம்.

இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு டிவியில் ஃபார்முலா ஒன் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும்.

கொடிகள்

வளைவுதோறும் மார்ஷல்கள் நிற்பார்கள். பெரிய திரையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. ட்ராக்கின் மறுகோடியில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் கையிலிருக்கும் கொடிதான் நமக்குச் சொல்லும்.

மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரையில் எண்ணெயோ தண்ணீரோ, வழுக்கும். நீலம், பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிடு. வெள்ளை, மெதுவாகப் போகும் வண்டி ஒன்று முன்னால் இருக்கிறது. கறுப்புக் கொடியோடு ஓர் எண் காட்டினால் அந்த எண்ணுக்காரர் உடனே பிட்டுக்கு வர வேண்டும். ஏதோ தப்பு செய்திருக்கிறார். சிவப்பு, பந்தயம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம் எல்லோருக்கும் தெரியும்.

பேடக்கில்

கார்களும் மெக்கானிக்குகளும் இருக்கும் இடம் பேடக். தேசியச் சுற்றுகளில் பார்வையாளர்களைக் குறிப்பிட்ட நேரத்தில் உள்ளே விடுவது உண்டு. விட்டால் தவறவிடாதீர்கள்.

பந்தயம் முடிந்து வந்த காரின் டயரைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க, தேய்ந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு, ரோடு போடும் தார் போலப் பிசுபிசுத்து இருக்கும். ஒரு பையன் ஹீட் கன்னால் சூடுகாட்டிச் சுரண்டிக்கொண்டிருப்பான். அவ்வளவு சிரமம் எதற்கு? டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உள்ஓரம் அதிகமா வெளிஓரம் அதிகமா என்பது அந்தத் துணுக்கை எடுத்தால்தான் தெரியும். அதைப் பார்த்துதான் அடுத்த பந்தயத்துக்குக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். சற்றுத் தள்ளி எடைமேடை. ஓட்டுநர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எடை பார்க்க நிற்பார். காரும் ஆளும் சேர்ந்து குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் ஜெயித்தது கையை விட்டுப் போகும்.

கேள்வி கேட்கலாம். ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்பு யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். முடிந்தபின் ஒரு மெக்கானிக்கிடம் "அண்ணா, கிட்ட வந்து பார்க்கலாமா?" என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கோவையில் "பாருங்க, அதுக்கென்னங்க" என்று அவரே கூட்டிப்போய்க் காட்டவும் வாய்ப்புண்டு. கேட்காமல் எதையும் தொடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் கையை நீட்டவே கூடாது.

கூட்டத்தில் நிற்கும் பெரியவர்களையும் கவனியுங்கள். சோழவரம் காலத்து ஆட்கள் அவர்கள். பேச ஆரம்பித்தால், 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனைச் சின்னப் பையனாகப் பார்த்த கதையெல்லாம் வரும்.

ஜாக்கிரதை

வேலியைத் தாண்டாதீர்கள், நல்ல படம் கிடைக்கும் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். இந்த விளையாட்டில் ஆபத்து நிஜமானது. 2023-இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும், ஆகஸ்டில் 13 வயது பைக் வீரர் ஒருவரும் பந்தயத்தில் உயிரிழந்தார்கள். மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. விபத்து நடந்தால் கைபேசியை உயர்த்தி வீடியோ எடுக்காமல், மார்ஷல்கள் சொல்கிறபடி ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை.

சிவப்புக் கொடி காட்டியதும் எழுந்து போய்விடாதீர்கள், மறுபடி தொடங்கும். அறிவிப்பு வரும் வரை காத்திருப்போம்.

வெயிலைக் குறைத்து எடைபோடாதீர்கள். மும்பையின் புழுக்கம் வேறு, நிழலே இல்லாத ஸ்ரீபெரும்புதூர் வெயில் வேறு. மதியம் ஒரு பந்தயத்தை விட்டுவிட்டு நிழலில் உட்காருவதில் தப்பில்லை. ட்ரோன் கொண்டுபோக வேண்டாம். பந்தயம் முடிந்த வேகத்தில் வாடகை பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் முறுக்கும் ஆசை வரும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது, வேண்டவே வேண்டாம்.

ஆன்லைனில் யாரோ "விஐபி பாஸ்" விற்பதாகச் சொன்னால், நடத்துபவர்களின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இல்லாத எதற்கும் பணம் அனுப்பாதீர்கள்.

பழகியபின் அடுத்தது

ஒரு சீசன் பார்த்தபின் ஆசை கூடும். இரண்டு வழி இருக்கிறது.

பணம் செலவழிக்காத வழி, மார்ஷலாகச் சேருவது. பந்தயம் நடத்தும் கிளப்புகளுக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. பயிற்சி கொடுத்து வளைவோரத்தில் நிறுத்துவார்கள். எந்த கிராண்ட்ஸ்டாண்டும் தராத இடம் அது. காலையில் சீக்கிரம் வர வேண்டும், நாள் முழுக்க நிற்க வேண்டும், யாருக்கும் கைதட்டக் கூடாது. மும்பையிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் போய்வர முடியாதுதான். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போதும் என்றால் கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள்.

பணம் செலவழிக்கும் வழி வெளிநாடு. மும்பையிலிருந்து அபுதாபி கிட்டத்தட்ட மூன்று மணி நேர விமானம். யாஸ் மரினாவில் 2009 முதல் ஃபார்முலா ஒன் நடக்கிறது. சிங்கப்பூரில் 2008 முதல் இரவுப் பந்தயம். அங்கே இருக்கை இல்லாமல் சுற்றி நின்று பார்க்கும் டிக்கெட்டுகள்தான் நமக்குத் தோது, லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கவலையும் இல்லை. மலேசியாவின் செபாங்கில் ஃபார்முலா ஒன் 2017-ஓடு நின்றுவிட்டது, மோட்டோஜிபி தொடர்கிறது. பைக் பிரியர்களுக்கு மூன்றில் மலிவானது அதுதான்.

இங்கே வரிசை மாறும். ரயில் பயணத்தில் தேதி, டிக்கெட், அறை என்று போனோம். வெளிநாட்டில் முதலில் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பந்தய டிக்கெட், அதே நாளில் ரத்து செய்யக்கூடிய அறை. பந்தய வாரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். விசா விதியைச் சரிபார்த்துக்கொண்டு, விமான டிக்கெட்டைக் கடைசியாகப் போடுங்கள்.